புளியங்கொட்டைச் சத்தம்

12.3.98, வியாழன்

நேற்றைய குறிப்பில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெயில் எவ்வளவு, டர்போ அழுத்தம் எவ்வளவு, பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி என்றெல்லாம் எழுதினேன். டாங்கில் என்ன பெட்ரோல் என்பதை எழுதவில்லை. பெட்ரோலில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

கார் ஆவடி குவார்ட்டர்ஸ் வேதமுத்து அண்ணனுடையது. மூன்று வருஷமாக வீட்டு வாசலில் வைத்து, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போவை அவரே பொருத்திய கார். ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகப் பந்தயத்தில் ஓட்டப் போகிறார். இந்த எஞ்சின் போனால் அவருக்கு இன்னொன்று கிடையாது. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்ய ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வரவழைத்து மாட்டியிருக்கிறோம். அதற்குள் எண்களை நிரப்புவது என் வேலை. எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

நேற்று முதலாளி கஜபதி சார் ஓட்டினார். நான் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, காதில் மூடியை மாட்டியிருந்தேன். எஞ்சினில் ஒரு செம்புக் குழாயை முடுக்கி, அதிலிருந்து ரப்பர் டியூப் காது மூடிக்கு வருகிறது. டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது போலத்தான். தீப்பொறியை அதிகம் முன்னால் தள்ளினால் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல் கேட்கும். கேட்டால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். நேற்று எவ்வளவு தள்ளியும் கேட்கவே இல்லை. வண்டி அப்படி இழுத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று வேதமுத்து அண்ணன் தானே ஓட்டிப் பார்க்க வந்தார். வேலப்பன்சாவடி பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு செம்பரம்பாக்கம் பக்கம் போனோம். ஏரிக்கரை தாண்டி மூன்றாவது கியரில் அழுத்தினார். காதில் புளியங்கொட்டை கொட்டியது. காலை எடுங்கள் என்று கத்திவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒயர் லூசாக இருக்கிறது, பட்டறைக்குப் போய்விடலாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தப்பு என்னுடையதாக இருக்கும் என்ற பயம்தான்.

திரும்பியதும் அண்ணன் எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போனார். நான் டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். புதிதாகப் போட்ட பெட்ரோலையும் மீறிப் பெயின்ட் கடை நெடி அடித்தது. நேராகக் கஜபதி சாரிடம் போய், நேற்று டாங்கில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. பெயின்ட் கம்பெனியில் வாங்கிய டொலுவின் கலந்தாராம். அது கலந்த பெட்ரோல் எவ்வளவு முன்னால் தீ வைத்தாலும் தாங்கும்.

“கஸ்டமருக்கு ஒரு இழுப்பு இழுத்துக் காட்ட வேணாமா? அதுக்குத்தான் ஊத்துனேன். இன்னா இப்போ?”

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் பந்தயம் நடத்துபவர்கள் கொடுக்கும் சாதா பெட்ரோல்தான், ரெண்டு சுற்றில் பிஸ்டன் போய்விடும் என்றேன்.

“போனா டிரைவர் ஒடச்சான். ரெவ்வு ஏத்திட்ட நைனான்னு சொன்னா முடிஞ்சுது. பாஸ்கல் கைல சொல்லல?” என்று சிகரெட் சாம்பலைத் தட்டினார்.

அவருடைய சாம்பல் கிண்ணம் உருகி ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டன். இதே போல் இங்கே தயார் செய்து பந்தயத்தில் ஓட்டிய பாஸ்கலின் வண்டியிலிருந்து எடுத்தது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தப் பையன் இந்த மேஜைக்கு எதிரே நின்று, நான்தான் சார் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நான்தான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். சார் பெரிய மனசு பண்ணி மன்னித்தார். கெடுத்தது அவன் இல்லை என்று இன்றுதான் தெரிகிறது.

அப்போதும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. ஏதாவது கிளாம்ப் ஆடிய சத்தமாக இருந்தால்? எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளிகள். பிஸ்டன் அரிக்க ஆரம்பித்ததன் அடையாளம். இனி சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பிளக்கை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனேன். கஜபதி சாரும் பின்னாலேயே வந்தார். காதுல கம்மல் கனமா கீது போல, அதான் இல்லாத சத்தம் எல்லாம் கேக்குது என்று சிரித்தார். நான் பிளக்கை இலைக்குப் பக்கத்தில் வைத்து, டொலுவின் விஷயத்தைச் சொன்னேன்.

வேதமுத்து அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப ஒயர் லூசுன்னு சொன்னது?”

“பொய்ண்ணே.”

அண்ணன் பிளக்கை மேஜையில் வைத்தார். “ஞாயித்துக்கிழமை ஓடுமா, ஓடாதா? அத மட்டும் சொல்லுங்க தங்கச்சி.”

தீப்பொறியைப் பின்னால் இழுத்து, டர்போ அழுத்தத்தைக் குறைத்தால் ஓடும், ஆனால் நேற்று டொலுவினில் வந்த இழுப்பு இருக்காது என்றேன்.

“முன்னாடி போறவன் முதுகப் பாத்துகினே போலாம்” என்றார் கஜபதி சார்.

“பாத்துக்கிட்டே போறேன். வண்டி வீட்டுக்குத் திரும்பணும், எனக்கு அதான்.” அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “நாளைக்கு நான் ஓட்டுறேன். இவங்க பக்கத்துல உக்காரட்டும். இல்லைன்னா இப்பவே வண்டிய எடுத்துட்டுப் போறேன்.”

எங்கள் பட்டறை ஸ்டிக்கர் ஒட்டிய கார் பந்தயத்துக்கு வராமல் போனால் சாருக்குத்தான் கேவலம். ஒரு நொடியில் முகம் மாறியது. என் தோளைத் தட்டினார்.

“நம்ம பொண்ணுதான் கண்டுபுடிச்சுது அண்ணாத்தே. எதுக்கும் ஒருவாட்டி செக் பண்ணிடுன்னு நான்தான் சொன்னேன். இன்னா செல்வி?”

மூன்று டீ சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன். விரலில் டொலுவின் நெடி இருந்தது, டீயிலும் அதுதான். அண்ணன் டீயைத் தொடவில்லை.

வேலை முடிந்து படிக்கப் போகும் சாயங்கால வகுப்பில் ஒன்றும் தலையில் ஏறவில்லை. கையைத் துணி சோப்புப் போட்டுக் கழுவியும் நெடி போகவில்லை. சார் தட்டிய தோளையும் கழுவினேன்.

நாளை: காலையில் டாங்கை முழுக்க வடித்துவிட வேண்டும். வேலப்பன்சாவடி பங்கு பெட்ரோல் மட்டும். புது பிளக்குகள். அழுத்தம் ஏறும் கட்டங்களில் எல்லாம் தீப்பொறியை ஆறு டிகிரி பின்னால் இழுத்து, அங்கிருந்து ஒவ்வொரு டிகிரியாக முன்னால் வர வேண்டும். டாங்கில் என்ன என்பதை முதலில் எழுத வேண்டும். பாஸ்கலின் முகவரியை ஆபீஸ் பில்லில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.