கடல் தொட்ட கண்

பெனினுக்குத் தன் பெண்டாட்டியின் பாதி முகம்தான் தெரியும் என்று விக்டோரியா கேலி பேசுவாள். பெனினைப் பெற்றவளே பேசுகிறாள், யார் தடுப்பது? அதில் பொய்யும் இல்லை. ரெஜிஷாவின் இடது கண் சின்ன வயதிலிருந்தே மூக்கைப் பார்த்துத் திரும்பி நிற்கும். பள்ளிக்கூடத்தில் கோங்கண்ணி என்று கூப்பிட்டே வளர்த்துவிட்டார்கள். கல்யாண ஆல்பம் முழுக்க அவள் வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். வாட்ஸ்அப்பில் புருஷன் கூப்பிட்டாலும் போனைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டுதான் பேச்சு. குளச்சலிலிருந்து பஹ்ரைனுக்குத் தினமும் ஒரு கன்னம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூடத் தங்காமல் அரபியின் லாஞ்சில் மீன்பிடிக்கப் போனவன் அவன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவன் விட்டுப்போன நீலச் சட்டையை ரெஜிஷா துவைக்காமல் வைத்திருந்தாள். அதில் இப்போது அலமாரி வாசனைதான் அடிக்கிறது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மோந்து பார்ப்பாள். அவனை நினைத்தால் நெஞ்சு அப்படியே கனத்துக் கிடக்கும், சோறு இறங்காது.

கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று பெனின் சொன்ன அன்றுதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. அவன் வந்து இறங்கும்போது முகத்தைத் திருப்பாமல் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இந்த முறையாவது வேண்டும்.

நாகர்கோவில் கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பிடிக்கிற தசையைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தைத்தால் கண் நேராகிவிடும், பெரிய ஆபத்தில்லை என்றார். பெனினுக்குச் சொல்லக்கூடாது என்று ரெஜிஷா மாமியாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நவம்பர் தொடக்கத்தில் ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். கண் சிவந்திருந்தது. ஆனால் நேராக இருந்தது. ரெஜிஷா அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது, சொட்டு மருந்தை விடாமல் ஊற்ற வேண்டும், குளிக்கும்போது தண்ணீர் படக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

தண்ணீர் விஷயத்தில் ரெஜிஷா ரொம்ப ஒழுங்கு. கழுத்துக்குக் கீழேதான் குளித்தாள். முகத்தை ஈரத்துணியால்கூடத் துடைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தது.

கடலுக்குப் போகிற ஆண்கள் வள்ளத்தில் ஏறும் முன் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போடுவது வழக்கம். பெனின் போன நாளிலிருந்து ரெஜிஷா அந்த வழக்கத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் துறைமுகத்து ஓரம் இறங்குவாள். தண்ணீரை அள்ளி நெற்றியில் வைப்பாள், சிலுவை போடுவாள், பிறகு ஈரக் கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். அவன் நிற்கிற கடலும் இந்தக் கடலும் ஒன்றுதானே. அங்கே அவன் காலை நனைத்த தண்ணீர் எப்படியும் சுற்றிக்கொண்டு இங்கே வரும் என்பது அவள் கணக்கு. படித்தவர்கள் சிரிக்கலாம். புருஷனைத் தொடுவதற்கு அவளுக்கு வேறு வழி இல்லை.

அன்றைக்கும் ஒற்றிக்கொண்டாள். விசைப்படகின் டீசலும் மீன் கழுவிய அழுக்கும் கலந்து கிடந்த தண்ணீர். டாக்டரம்மா சொன்ன தண்ணீர் என்பது குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். கடலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் இமை வீங்கியிருந்தது. "ஆப்ரேசன் வீக்கம், வத்திரும் மக்கா" என்றாள் விக்டோரியா. சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. மறுநாள் விடிந்தபோது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. விக்டோரியா விரலால் இமையைப் பிரித்தாள். உள்ளே கண் முன்னால் பிதுங்கி அசையாமல் நின்றது. கிழவி 'ஏசுவே' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. கண் உட்கார்ந்திருக்கிற குழிக்குள், கண்ணுக்குப் பின்னால், சீழ் கட்டியிருந்தது.

"இது ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது. நான் புத்தகத்துல படிச்சதுதான். கண்ணுல தண்ணி ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல டாக்டர்." ரெஜிஷா யோசித்தாள். "கடலத்தான் தொட்டு வச்சேன்."

"கடலையா?"

"கடத்தண்ணி நல்லதுல்லா டாக்டரே?" என்று விக்டோரியா குறுக்கே வந்தாள். "எங்க ஆளுவளுக்கு வலை அறுத்தாலும் தூண்டி குத்துனாலும் அதுலதான் கழுவுவாவ. ஒண்ணும் வந்ததில்லியே."

டாக்டரம்மா திட்ட வாயெடுத்தார். ரெஜிஷாவைப் பார்த்ததும் விட்டுவிட்டார். அன்றே சீழை எடுத்தார்கள். ஊசி மருந்து நாள் முழுக்க நரம்பில் இறங்கியது. பார்வை போய்விடுமோ, கிருமி தலைக்கு ஏறிவிடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்க, ரெஜிஷா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"கிறிஸ்மஸுக்குள்ள சரியாவுமா டாக்டர்? அவ்வோ வாறாவ."

பெனினோ விடாமல் வீடியோவில் அழைத்துக்கொண்டிருந்தான். கண்ணுநோவு, பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று குரலை மட்டும் அனுப்பினாள். போன் வழியாகக் கண்ணுநோவு ஒட்டுமா என்று கேட்கத் தெரியாத ஆளா அவன்? ஒரு நாள் அவனும் குரலை மட்டும் அனுப்பினான்.

"ஏட்டி, நேராச் சொல்லு. என்னைய வெறுத்துப் போச்சா உனக்கு? ரெண்டு வருசம் கூடுதல்தான். எனக்குத் தெரியும்."

ரெஜிஷா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அழக்கூடாத கண்ணால் அழுதாள். வெறுப்பா? உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதானே பாவி, இருந்த கண்ணையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கிடக்கிறேன். இதைச் சொல்ல முடியவில்லை. "சீக்கிரம் வாருங்க" என்று மட்டும் அனுப்பினாள்.

பார்வை தப்பியது. அதுவே பெரிய காரியம் என்றார் டாக்டரம்மா. ஆனால் புண் ஆறிய இடத்தில் தசை ஒட்டிப் பிடித்து, கண்ணைக் கொஞ்சம் மேலே இழுத்து நிறுத்திவிட்டது. இதுவரை கோணிய கண் அனுப்பிய படத்தை அவள் மூளை எடுத்துக்கொள்ளாமலே இருந்தது. இப்போது எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. ஆகவே எல்லாம் இரண்டு. இரண்டு தம்ளர், இரண்டு வாசல், இரண்டு விக்டோரியா. ஒரு மாமியாரைச் சமாளிப்பதே பெரும்பாடு. ஆறு மாதம் போகட்டும், அப்புறம் கண்ணாடியோ இன்னொரு ஆபரேஷனோ பார்க்கலாம், அதுவரை ஒரு கண்ணை மூடி வைத்துக்கொள் என்று கறுப்புத் துணி மறைப்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

பெனின் வருகிற அன்று காலையில் அவள் அந்த மறைப்பைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"போடுட்டி. எங்கயாவது முட்டிக்கிட்டு நிக்கப்போற."

"வேண்டாம் மாமி. அவ்வோ வந்ததும் கடல்கொள்ளைக்காரி மாதிரி நிக்கவா?"

பதினொரு மணிக்கு வேன் வந்து நின்றது. பெட்டிகள் இறங்கின. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வெயிலில் கறுத்து, கழுத்தெலும்பு தெரிய, பெனின் இறங்கினான். பக்கத்திலேயே, கொஞ்சம் தள்ளி, அரைச் சாண் கீழே இன்னொரு பெனினும் இறங்கினான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பாதியில் நின்றது.

எது அசல் என்று கண்டுபிடிக்க வீட்டில் தம்ளரை வைத்துப் பழகியிருந்தாள். கண்ணில் நீர் முட்டியதும் அந்தப் பழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. நேராகப் போய்க் கையை நீட்டினாள். கை வெறும் காற்றில் போய்த் தடுமாறியது. வெட்கம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். பெனின் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். மேலே ஏறி நிற்கிற கண்ணை, இமையோரத்துத் தழும்பை, காற்றில் தேடுகிற விரல்களைப் பார்த்தான்.

"ரெஜி." அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். "நான் இஞ்சதான் நிக்கேன். என்னட்டி ஆச்சு கண்ணுக்கு?"

"நேராப் பாக்கணும்னு போனேன். இப்ப ரெண்டு பேராத் தெரியுறிய."

விக்டோரியாவுக்குத் தாங்கவில்லை. மூக்கைச் சீந்திக்கொண்டே சொன்னாள்: "ஒரு கண்ணை மூடிக்க மக்கா. ஒருத்தனாத் தெரிவான்."

"மூடமாட்டேன் மாமி" என்றாள் ரெஜிஷா. "ரெண்டு வருசம் ஒருத்தர்கூட இல்லாமக் கிடந்தேன். ரெண்டு பேரும் நிக்கட்டு."