பிரேக் அவன் பங்கு

எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டு பங்கு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடுவில் ஒரு கோடு போட்டால், கிழக்கே என் வீட்டுக்காரர் ஆதப்பனுக்கு, மேற்கே அவருடைய சித்தப்பா மகன் நாகராஜனுக்கு. கிழக்குப் பக்கம் ஓடு ஒழுகினால் நாங்கள் மாற்ற வேண்டும், மேற்கே ஒழுகினால் அவர்கள். மேற்கே ஒழுகிய தண்ணீர் எங்கள் பக்கம் ஓடி வந்தாலும் அந்த ஓட்டை நாங்கள் தொடக் கூடாது. தொட்டால், 'என் பங்கில் கை வைக்கிறான், நாளைக்கு முழு வீட்டையும் கேட்பான்' என்று பேச்சு வரும். நாகராஜன் கோயம்புத்தூரில் மில்களுக்கு உதிரிச் சாமான் விற்கிறான். என் வீட்டுக்காரர் சென்னையில் பேங்க் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு பேருக்கும் கோட்டு விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வீட்டைக் கோடு போட்டுப் பிரித்துவிடலாம். காரை எப்படிப் பிரிப்பது? இவர்களுடைய ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், அறுபதுகளில் வாங்கிய அம்பாசடர் அது. எங்கள் பங்காளி வீட்டு மாப்பிள்ளை யாராக இருந்தாலும் கல்யாணத்தன்று காலையில் கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்த வண்டியில் ஏறித்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அது வழக்கம். போன தடவை ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் இஞ்சின் இருமி இருமி நின்றது. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கடைசியில் மாப்பிள்ளை இறங்கி மாலையும் கழுத்துமாக நடந்தே போனான். பெண் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை என் வீட்டுக்காரர் மறக்கவே இல்லை.

அதனால் நாகராஜன் மகன் கார்த்திகேயனுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும், பங்காளிகள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். வண்டிக்குப் பெரிய இஞ்சினாகப் போட்டுவிடுவது. செலவை எப்படிப் பிரிப்பது? வீட்டைப் பிரித்த மாதிரியே. இஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் எங்கள் பங்கு. பிரேக், டயர், ஸ்பிரிங் நாகராஜன் பங்கு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிக்கத்தான் தோன்றியது.

திருமயம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற வெற்றிசெல்வனிடம் வேலையைக் கொடுத்தார் இவர். புது இஞ்சின் வாங்க மனசு வருமா? திருச்சியில் பழைய இரும்புக் கடையில், உடைக்க வந்த ஒரு வேனின் டீசல் இஞ்சினைப் பேரம் பேசிப் பிடித்தார். லோடு ஆட்டோவில் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரனூர் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் பல். பெண் பார்த்துவிட்டு வந்த நாளில்கூட இவர் முகம் அப்படி இருந்திருக்காது.

அது வேனுக்குச் செய்த இஞ்சின். காருக்குள் சுலபமாக உட்காருமா? வெற்றிசெல்வன் பழைய தாங்கிகளை அறுத்தெடுத்தான். லாரிச் சட்டத்தின் துண்டுகளை வெட்டி வெல்டிங் வைத்துப் புதுத் தாங்கி செய்தான். பானட் மூடவில்லை என்று ஏர் பில்டரை ஓரமாகத் தள்ளினான். ரேடியேட்டர் ஏதோ ஜீப்பில் கழற்றியது. எல்லாம் முடிந்து வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது மூக்கு ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

"ஆச்சி, அய்யா வண்டிக்கு வளைகாப்பு வைக்கணும் போலருக்கே. முன்பக்கம் இப்படி எறங்கிப் போச்சு" என்றாள் மீனம்மாள்.

மீனம்மாளும் அவள் புருஷன் ராக்கனும்தான் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள். நாங்கள் சென்னையில் இருந்த காலமெல்லாம் இந்த வீடு இடிந்து விழாமல் நின்றது அவர்களால்தான். அவன் அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவள் பேசுவாள். இரண்டு பங்குக்கும் அவளே கூட்டினாள், அவளே மெழுகினாள். அவளுடைய விளக்குமாறு ஒன்றுதான் அந்த வீட்டில் கோட்டைத் தாண்டிப் போகும். அவளை நான் வேலைக்காரி என்று நினைத்ததே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஊரில் எனக்கு மனசு விட்டுப் பேச அவளைத் தவிர யாரும் கிடையாது.

வெள்ளோட்டத்துக்கு என்னையும் அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு திருமயம் போனார் இவர். இஞ்சின் இழுத்த இழுப்பு இருக்கிறதே, அம்மாடி! இவருக்கு வயது முப்பது குறைந்துவிட்டது. வழியில் ஒரு ஆடு குறுக்கே ஓடியது. இவர் பிரேக்கை மிதித்தார், வண்டி தன்பாட்டுக்குப் போனது. திரும்ப மிதித்தார், திரும்ப மிதித்தார், ஆடு பிழைத்தது ஆட்டின் சாமர்த்தியம்.

"அய்யா, நிப்பாட்டச் சொன்னா கொஞ்சம் யோசிச்சு நிப்பாட்டுது வண்டி" என்றாள் மீனம்மாள். பேச்சு வேடிக்கையாக இருந்தாலும் என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

நான் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னேன். வெற்றிசெல்வன் மென்று விழுங்கினான்.

"இஞ்சின் கனம் கூடிருச்சு, இழுப்பும் கூடிருச்சு. பிரேக் அந்தக் காலத்துது ஆச்சி. அதையும் மாத்தணும்னு அய்யாகிட்ட சொன்னேன். அது தம்பி பங்கு, நீ தொடாதேன்னாங்க. நான் என்ன செய்ய?"

அன்று வீட்டில் நான் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "உங்க பணம் வேணாம், அவன் பணமும் வேணாம். எங்க ஆத்தா எனக்குக் குடுத்த வளையல் ரெண்டு இருக்கு, அதை வித்து நான் போடுறேன் பிரேக்கை" என்றேன்.

"ஒனக்குக் கூறு இருக்கா மெய்யம்மை? அவன் பங்கை நாம செஞ்சா, 'என்னால ஏலாதுன்னு சொன்னேனா? ஊருக்கு முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டியே'ன்னு கேப்பான். நாளைக்கு வண்டியையே நமக்குன்னு எழுதிக்கப் பாக்குறோம்பான். அவன் பங்கை அவன் செய்வான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மெதுவா ஓட்டுறேன், போ."

விடுவேனா? நானே நாகராஜனுக்குப் போன் போட்டேன். அவன் அப்படி ஒன்றும் கெட்டவன் இல்லை. என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான்; அண்ணியை எங்கள் பக்கம் அண்ணமிண்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணமிண்டி, வண்டி என்ன பெங்களூருக்கா போகப் போவுது? கோயில்லேருந்து பொண்ணு வீட்டுக்கு, மேளத்துக்குப் பின்னாடி நடக்குற வேகம். அதுக்கு எதுக்கு இவ்வளவு பதட்டம்? எனக்கு இங்கிட்டுப் பத்திரிகை வைக்கவே நேரம் பத்தலை. கல்யாணம் முடியட்டும், நானே நின்னு நல்லதாப் போட்டுடுறேன். என் பங்கைச் செய்யாம விட்டிருக்கேனா நான்?"

"அப்ப வேற வண்டியில மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க தம்பி."

"அண்ணன் அவ்வளவு பாடுபட்டு இஞ்சின் மாத்தியிருக்காரு. வேற வண்டி வச்சா அவரு மனசு என்ன பாடுபடும்?"

ஒருத்தன் மானம் இன்னொருத்தனுக்கு அவ்வளவு முக்கியம். எப்பேர்ப்பட்ட அன்பு பாருங்கள்! நான் கரடியாய்க் கத்தினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் சாப்பிடாமல்கூடக் கிடந்தேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. யாராவது அடிபடப் போகிறார்கள் என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் ஏதாவது ஆகும் என்று நினைத்து அவருக்காகவே வேண்டிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை. கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். வேறு யாரையும் விடாமல் இவரே ஓட்டினார். முன்னால் மேளம், நாயனம். அதற்குப் பின்னால் தட்டு ஏந்திய பெண்களோடு நானும் போனேன். எங்களுக்கும் காருக்கும் நடுவில் ராக்கனும் மீனம்மாளும். முச்சந்திக்கு முச்சந்தி அவன் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பான், யாரும் வழுக்கி விழாமல் அவள் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போடுவாள். அன்று அவள் நான் வாங்கிக் கொடுத்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டியிருந்தாள். "ஆச்சி, பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை கொழம்பிடப் போறாரு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

நடக்கிற வேகம்தான். ஆனால் நடக்கிற வேகத்தில் ஓட்ட வழி நெடுக பிரேக்கிலேயே கால் இருக்க வேண்டுமே. கோயில் தெரு முடிந்து ஊருணிப் பக்கம் திரும்பும்போது ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று கத்தினேன். நாயனச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? ஊருணிக்கு இறங்குகிற சரிவில் ராக்கன் பூசணிக்காயை உடைத்தான். மீனம்மாள் குனிந்தாள்.

பிரேக் பெடல் அப்படியே பலகையோடு போய் ஒட்டிக்கொண்டது என்றார் இவர், பிறகு. பதறிப் போய்க் கிளட்சை விட்டுவிட்டு இரண்டு காலாலும் பிரேக்கையே மிதித்திருக்கிறார். பழைய நோஞ்சான் இஞ்சினாக இருந்தால் அந்த இடத்திலேயே இருமி அணைந்திருக்கும். இது அணையவில்லை. வேன் நிறைய ஆள் ஏற்றி இழுத்த இஞ்சின், அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனது. ஊருணிக் கைப்பிடிச் சுவரில் போய் முட்டித்தான் நின்றது. நடுவில் மீனம்மாள் இருந்தாள்.

காரைப் பின்னால் தள்ளி அவளை எடுத்தார்கள். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாளா, தெரியவில்லை. நாகராஜன் மருமகன் அரவிந்த்குமார் தன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கு விரட்டினான். ராக்கனும் ஏறப் போனான். நாகராஜன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீ வந்து அங்கிட்டு என்ன செய்யப் போறே? காலுலதான் அடி. தம்பி எல்லாம் பாத்துக்குவான். இங்க பந்திக்குத் தண்ணி எடுக்க ஆளில்லை, நீ வீட்டுக்குப் போ." ராக்கன் போனான். அந்த வீட்டில் நாற்பது வருஷமாகச் சொன்ன சொல்லைக் கேட்டவன், அன்றைக்கும் கேட்டான்.

மாப்பிள்ளையை வேறு காரில் ஏற்றி அனுப்பினார்கள். மேளம் திரும்ப ஆரம்பித்தது.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பெண் வீட்டில் பக்கத்து அறைக்குள் எங்கள் ஆட்கள் மட்டும் நின்றிருந்தபோது நாகராஜனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டுப் பையில் போட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரி வாசலுக்குள்ள போறதுக்குள்ளயே முடிஞ்சுருச்சாம்" என்றான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் சுவரில் சாய்ந்து நின்றார். நாகராஜன் இவர் பக்கம் திரும்பினான்.

"முகூர்த்தத்தை நிப்பாட்டணுமா அண்ணே?"

இவர் சொன்னார்: "பங்காளி செத்தாத்தான் தீட்டு. நமக்குத் தீட்டு இல்லை."

"அப்ப ராக்கன்கிட்ட யாரும் மூச்சு விட வேணாம். தெரிஞ்சா அவன் போடுற சத்தத்துல பொண்ணு வீட்டுக்காரங்க பயந்துடுவாங்க. தாலி ஏறட்டும், நானே சொல்லிக்கிறேன். போலீஸ்கிட்ட நம்ம வக்கீல் பேசிக்கிட்டிருக்காரு."

"பேசட்டும்" என்றார் இவர். "நானே போய் நிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன் நாகராஜா. பிரேக் ஒன் பங்கு."

"இஞ்சின் மாத்தாம இருந்திருந்தா அந்தப் பிரேக்கே போதுமேண்ணே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எழுந்து நின்றேன்.

"தூ! மனுசங்களா நீங்க? தீட்டு இல்லையா? உங்க ரெண்டு பேரு பங்குக்கும் நடுவுலதானடா விழுந்து செத்தா!"

கட்டினவரை நான் 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நாகராஜன் கதவைச் சாத்தப் போனான், வெளியே கேட்டுவிடுமாம். அவனைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பின்கட்டில் ராக்கன் கிணற்றில் தண்ணீர் சேந்தி அண்டாக்களை நிரப்பிக்கொண்டிருந்தான். வேட்டியில் அவள் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு வந்தான்.

"தம்பி போன் பண்ணுச்சுங்களா ஆச்சி? கட்டுப் போட்டாச்சாமா?"

என்ன சொல்ல? அவன் நிரப்பி வைத்திருந்த வாளியைத் தூக்கினேன். கட்டியிருந்த பட்டுப் புடவையோடு, தலையில் இருந்த பூவோடு, அப்படியே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இரண்டாவது வாளியையும் ஊற்றிக்கொண்டேன். சாவு வீட்டுக்காரி இனிக் கல்யாணப் பந்தலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது, அவ்வளவுதானே?

ராக்கன் பதறிவிட்டான்.

"ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா என்ன ஆச்சி இது? கேதம் விழுந்த மாதிரி தலைக்கு ஊத்துறீங்க? யாருக்கு ஆச்சி?"

"ஒம் பொண்டாட்டிக்குடா ராக்கா."

பெண் வீட்டில் கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி ஏறிவிட்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரை ராக்கன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலுலதான் அடின்னாங்களே ஆச்சி" என்றான்.