மைக்கில் வந்த பேர்

ஈரப் பஞ்சை வாப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் நஃபீசா. அப்துல் வஹாப் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நேத்து எத்தனை பேரும்மா வந்தாங்க?"

மாதக் கடைசி ஞாயிறென்றால் அவர் நடத்தும் புயல் ஒத்திகை. வாப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் அவள்தான் வீட்டுக்கு எதிரே இருக்கும் கல்யாண மண்டப வாசலில் போய் நின்றாள். இறால் பண்ணையில் வேலை செய்யும் நேபாளத்துக்காரர்கள், பிள்ளைகளோடு சேர்த்து முப்பத்தொரு பேர். வந்தது நாலே பேர்.

"வந்தாங்க வாப்பா."

பெற்ற மகளின் குரல் தெரியாதா அந்த மனுஷனுக்கு? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் விடிகாலை சுபுஹு பாங்கு முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அந்த நாலு பேர் கணக்கோடுதான் போய்விட்டார் என்று நஃபீசாவுக்கு நெஞ்சே ஆறவில்லை. இதற்காகவா ஆறு வருஷம் நாயாய் அலைந்தார்!

கஜா புயலுக்கு முதல் நாள் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக எச்சரித்தார்கள், தமிழில். யாரோ ஓட்டுக் கேட்டு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பண்ணைக் கொட்டகையில் இரண்டு நேபாளத்துப் பையன்கள் படுத்துத் தூங்கிவிட்டார்கள். மறுநாள் தகரத்தைப் புரட்டி அவர்களை வெளியே எடுத்தவர்களில் வாப்பாவும் ஒருவர். குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் சண்டை வந்தபோது ரேடியோ அரபியில் கத்தியது புரியாமல் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் அவர். பக்கத்து அறை எகிப்துக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிராவிட்டால் நஃபீசா பிறந்தே இருக்க மாட்டாள்.

அந்தப் பையன்களை எடுத்த அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கொட்டகை கொட்டகையாகப் போய், வளைகுடாவில் கற்ற இந்தியில் சொல்லிக்கொடுத்தார். கார்டு, காகிதமெல்லாம் பிளாஸ்டிக் கவரில், ஒரு டார்ச், ஒரு தண்ணீர் பாட்டில், எல்லாம் ஒரே பையில். புயல் வந்தால் இந்தியில் எச்சரிக்கப் பள்ளிவாசல் மைக்கைக் கேட்டபோது ஜமாஅத்தில் சிரித்தார்கள்.

"இந்தி வேணாம்னு ஜெயிலுக்குப் போன ஊரு பாய் இது. பள்ளிவாசல் மைக்குல இந்தியா?"

கடைசியில் ஒன்றுக்கு இறங்கி வந்தார்கள். அவர் பேரை மட்டும் மூன்று தரம் சொல்லலாம். பேர் காதில் விழுந்தால் போட்டது போட்டபடி பையோடு மண்டபத்துக்கு ஓடிவர வேண்டும்.

மண்டபச் சாவி கோவிந்தராசுவிடம். அவர் கொடுத்தால்தானே!

"பண்ணை உப்புத்தண்ணியில என் ரெண்டு மா நெலம் பாழாப் போச்சு. பண்ணைக்காரன் ஆளுங்களுக்கு நீங்க ஊழியம் பண்றீங்க!"

"நெலத்தக் கெடுத்தது மொதலாளிங்க. தண்ணி வந்தா மொதல்ல போறது இவங்க உசுருங்க."

ஆகவே ஒத்திகை வாசலோடு சரி. அதற்கும் வந்தால் பண்ணையில் அரைநாள் கூலி போய்விடும். யார் வருவார்கள்?

காலை ஒன்பது மணிக்குப் பள்ளிவாசல் மைக் கரகரத்தது. "அப்துல் வஹாப் அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள்." முறைப்படி மூன்று தரம்.

அரை மணி நேரம் இருக்கும். துக்கம் கேட்க வந்து வாசலில் நின்றிருந்த கோவிந்தராசு கூப்பிட்டார்.

"நஃபீசா, இங்க வந்து பாரும்மா!"

வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. கோடியக்கரை ரோட்டில் அவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் பண்ணைச் சேறு. தோளில் ஆளுக்கொரு பை. முன்னால் வந்த தில்மாயா இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வானத்தைக் காட்டிக் கேட்டாள்.

"தூஃபான்?"

புயல் என்று அர்த்தம். வாப்பா வீட்டில் ஆயிரம் தரம் சொன்ன வார்த்தை. அதற்குமேல் நஃபீசாவுக்கு இந்தி தெரியாது. இல்லையென்று தலையாட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவரைப் பார்த்ததும் தில்மாயா பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பையிலிருந்த டார்ச் தரையில் இடித்தது.

வெளியே கோவிந்தராசு இடுப்பில் சாவியைத் தேடினார்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க," என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு மண்டபத்தைத் திறந்தார். ஒவ்வொருவராகப் படியேறினார்கள். நஃபீசா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள், கடைசி ஆள் உள்ளே போகும் வரை.

குளிப்பாட்ட ஆண்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் தூக்குவதற்கு முன் அவள் குனிந்து வாப்பாவின் காதோரம் சொன்னாள்.

"முப்பத்தொண்ணு வாப்பா. கைப்புள்ளயும் சேத்து."