எங்கள் வீட்டில் மட்டும் ஓர் இரைச்சல்

என் கணவர் அருண் சேவியருக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் இரைச்சல் பிடிக்கிற வேலை. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன பவர் சப்ளை போர்டுகள் அங்கே தயாராகின்றன. அவற்றில் வேண்டாத மின் இரைச்சல் எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வார். அப்பேர்ப்பட்டவரால் சொந்த வீட்டு இரைச்சலைப் பிடிக்க முடியவில்லை என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

இரைச்சல் என் காதில்தான். போன வருடம் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தேன். உயிர் மிஞ்சியது, காது முக்கால்வாசி போய்விட்டது. அதிலிருந்து அவர் எதிரே நின்று வாயசைத்தால்தான் எனக்குப் பேச்சு. இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு காது மிஷினைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரிப்படாவிட்டால் திங்கட்கிழமை திருப்பிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நன்றாகக் கேட்டது. பஸ்ஸில் கேட்டது. வில்லியனூர் மாதா கோயிலில் சாமியாரின் பிரசங்கம் கேட்டது. பக்கத்து வீட்டு ஜோஸ்பின் என்னைப் பற்றி முணுமுணுத்ததுகூடக் கேட்டது. எங்கள் ஊர் உறுவையாற்றில், வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் மட்டும் 'ங்கொய்' என்று ஓர் இரைச்சல். அவர் பேசுவதெல்லாம் அதற்குள் முழுகிப்போகும். ஊரார் பேச்செல்லாம் கேட்டு எனக்கென்ன? எனக்கு வேண்டியது அவர் குரல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஆரம்பித்தார். டிவி, பிரிட்ஜ், பேன், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியில் மெயினையே இறக்கிவிட்டார். இரைச்சல் அப்படியே இருந்தது.

"வூட்ல கரண்டே இல்ல, சுந்தரி" என்று என் முகத்துக்கு நேரே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மிஷின்லதான் கோளாறு. நாளைக்குக் குடுத்துடலாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மிஷின் கோளாறுன்னா ஜோஸ்பின் வூட்லயும் கத்தணும்ல? அங்க ஏன் கத்தல? இன்னா வேல பாக்குறீங்க நீங்க!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு சிரித்தார்.

"கம்பெனியில ஒரு கம்பி வளையத்த போர்டு மேல மெதுவா ஓட்டிப் பாப்போம். எங்க இரைச்சல் ஏறுதோ, திருடன் அங்கதான். இன்னிக்கு நீதான் அந்த வளையம். வா."

பின்னால் நின்று என் இரண்டு தோளையும் பிடித்து நடத்தினார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பதமாக என்னை நடத்திக்கொண்டு போகவில்லை. இரைச்சல் ஏறினால் நான் கையை உயர்த்த வேண்டும், இறங்கினால் தாழ்த்த வேண்டும். சமையலறையில் கை இடுப்பளவில் இருந்தது. படுக்கையறையில் இன்னும் இறங்கியது. கூடத்துக்கு வந்ததும் மளமளவென்று ஏறி, மாதா சுரூபத்தின் முன்னால் தலைக்கு மேலே போய்விட்டது.

சுரூபத்தின் காலடியில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டையே இருட்டாக்கிய மனிதருக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மாதா விளக்கையும் அணைக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே கிடையாது.

நான் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் நேர்ந்துகொண்டு ஏற்றிய விளக்கு அது. நான் இருக்கும்வரை அணையாது என்பது வேண்டுதல். கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்று பின்னால் பேட்டரி வைத்து, ஐந்து வோல்ட்டாகக் குறைக்கும் போர்டையும் தன் கையாலேயே செய்து மாட்டியிருந்தார். மெயினை இறக்கினால் அதற்கென்ன வந்தது?

போர்டை வெளியே இழுத்து எனக்குக் காட்டினார். "இந்தக் கம்பிச் சுருளு, காயிலு, மூடியில்லாம கெடக்குது பாரு. பல்பு இத்தினூண்டு, அதுக்கு வேல கம்மி. அதனால போர்டு வுட்டு வுட்டு ஓடுது. உன் மிஷின்லயும் போன் பேச ஒரு காயில் இருக்குதுல்ல? இதோட துடிப்பு அப்படியே அதுல ஏறுது."

"அப்ப கழட்டுங்க" என்றேன்.

ஒயர் வரைக்கும் போன கை அங்கேயே நின்றுவிட்டது. அவருக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது.

"நான் நல்லாத்தானே இருக்கேன். கழட்டுங்க" என்றேன் மறுபடியும்.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுரூபத்தின் பக்கம் திரும்பினார். விளக்கு அணைந்தது. இரைச்சலும் பட்டென்று நின்றது. சுவர்க் கடிகாரம் கேட்டது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். பிறகு மிக மெல்லிய ஒரு குரல் கேட்டது. முகம் பார்க்காமல் பேசினால் எனக்குக் கேட்காது என்று ஒரு வருடமாகப் பழகியவர் அவர்.

"மாதாவே, கோச்சுக்காத. அவளுக்காவதான் ஏத்துனேன், அவளுக்காவதான் அணைக்கிறேன். மூடி போட்ட காயிலா வாங்கியாந்து நாளைக்கே மறுபடி ஏத்திடுறேன். அதுவரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. அவ இல்லாம என்னால முடியாது."

"ஆமென்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. முகத்தைக் காட்டாவிட்டால் அழுவது எனக்குத் தெரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. அதுவும் எனக்குக் கேட்டது.