பெல்ட்டின் கடைசி ஓட்டை

லாம்ப்ரோஸ் சார் எனக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "மூச்சை உள்ள இழும்மா" என்றார். இழுத்தேன். "இன்னும் கொஞ்சம்." இன்னும் இழுத்தேன். கொடிக்கம்பத்தின் அடியைத் தாங்குவதற்குத் தோல் கிண்ணம் தைத்த அந்த வெள்ளை பெல்ட், என் இடுப்பைச் சுற்றி வந்து, கொக்கிக்கும் கடைசி ஓட்டைக்கும் நடுவில் ஒரு கை அகலம் விட்டு நின்றுவிட்டது. அக்டோபர் மாதத்து தேசிய நாள் அணிவகுப்பு. தெருவில் பேண்டு வாத்தியம் ஆரம்பித்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சார் எழுந்து போய், கைப்பந்து வலையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை அறுத்து வந்தார்.

"சார், மாடு கட்டுற கயிறு எங்க வீட்ல இருக்கு. அதுதான் தாங்கும்" என்றான் ஸ்டாதிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஆனால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல்கள் அடக்கிய சிரிப்பில் குலுங்கியது என் முதுகுக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் பள்ளிக் கொடியைத் தூக்குவது வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை. அழகுக்கும் உயரத்துக்கும் அதில் வேலையில்லை. அதனால்தான் நான் அப்படிப் படித்தேன். விளையாட்டு வகுப்பில் என்னை எந்த அணியும் எடுக்காது. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக வரும். உடை மாற்றும் அறையில் நான் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சட்டை மாற்றுவேன். கொடிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு அடி இடம் மட்டும்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று இருந்தது. இரண்டாம் மதிப்பெண்காரன் ஸ்டாதிஸ் என் பக்கத்தில் வெறுங்கையோடு நடக்க வேண்டும். அன்றைக்கு நடந்தான். பின்னால் வந்த வரிசையில் யாரோ கயிற்று முடிச்சைப் படம்பிடித்திருந்தார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் அசிமினா இல்லை, கயிறு.

புது வருஷம் பிறந்ததும் சார் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். "மார்ச் அணிவகுப்புல மறுபடி இப்படி வேணாம்மா. பெல்ட் சேர்ந்தா இவ தூக்கட்டும். இல்லன்னா அந்தப் பையன் தூக்கட்டும். இவ நல்லதுக்குத்தான் சொல்றேன்." புதிதாக ஒன்று தைத்துத் தரட்டுமா என்று அம்மா கேட்டாள். இத்தனை வருஷமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்ந்த பெல்ட்தானே இது என்றார் அவர். அம்மா தலையை ஆட்டினாள். ரொட்டிக்கடையில் வேலை செய்பவள். அவள் கைப்பையில் எப்போதும் எனக்கென்று ஒரு வெண்ணெய் ரொட்டி இருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அதைப் புறாக்களுக்குப் பிய்த்துப் போட்டாள்.

"ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு வருதுல்ல மினா. இந்தத் தடவை நல்லாப் பிடி" என்றாள். என் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள். "நோன்புல ஏன் சாப்பிடலன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் இறைச்சியையும் பாலையும் விட்டார்கள். நான் ஒவ்வொன்றாக மற்றதையும் விட்டேன். அம்மா கடைக்கு வருகிறவர்களிடம், "என் பொண்ணு எண்ணெயைக்கூடத் தொடுறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பாதிரியார் என் தலைமேல் கைவைத்து, "இந்த வயசுல இவ்வளவு பக்தியா! உங்களுக்குக் கிடைச்ச பொக்கிஷம்மா இது" என்றார். அம்மாவின் முகம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மினுங்கியது. என்னை யாரும் அதற்கு முன் அப்படிப் புகழ்ந்ததில்லை. கணக்கில் முதலாக வந்தபோதுகூட இல்லை. தலையணையில் முடி உதிர்ந்து கிடக்கும். வெயிலில் நின்றாலும் விரல் நுனிகள் நீலமாகவே இருக்கும். மாதாமாதம் வர வேண்டியது வரவில்லை. முடியைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன். கையில் கையுறை மாட்டிக்கொண்டேன். மூன்றாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி சார் பெல்ட்டைப் போட்டார். கொக்கி கடைசி ஓட்டையைத் தாண்டி, நடு ஓட்டையையும் தாண்டிப் போனது. "பாத்தியா, மனசு வச்சா முடியுது" என்று முதுகில் தட்டினார். பேண்டு ஆரம்பித்தது. கம்பத்தைத் தூக்கியபோது தெருவும் மேடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லத் திரும்பி நேரானது.

பக்கத்தில் நடந்த ஸ்டாதிஸ் உதடு அசையாமல் சொன்னான்: "கம்பமே கம்பத்தைத் தூக்கிட்டுப் போகுது, பாருங்கடா."

பின்வரிசை சிரித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நோன்புக் காலத்தில் அந்த ஒரு நாள் மட்டும் மீன் சாப்பிடலாம். அம்மா உப்புக் கருவாட்டை ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டு மசியலோடு என் முன்னால் வைத்தாள். "இன்னைக்குச் சாப்பிடு மினா. சாமியே சாப்பிடலாம்னு சொல்லியிருக்கார். பெல்ட்தான் சேர்ந்திருச்சே." ஈஸ்டர் வரைக்கும் நேர்ந்திருக்கிறேன் என்றேன். அம்மா முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை நோன்பு என்று முதலில் சொன்னவள் அவள்தான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் பள்ளியின் மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் வீட்டுக்குத் தூக்கி வரப்பட்டேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

ஈஸ்டர் மதியம் மாமா வீட்டு முற்றத்தில் நெருப்புக்கு மேல் கம்பியில் ஆடு சுழன்றுகொண்டிருந்தது. கொழுப்பு கரியில் சொட்டிச் சொட்டிப் புகைந்தது. அவித்துச் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒருவர் முட்டையை ஒருவர் முட்டையால் முட்டினோம். உடைந்தவர்கள் உரித்துத் தின்ன வேண்டும். உடையாத முட்டைக்காரருக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம். மாமாவின் முட்டை உடைந்தது. அத்தையுடையது உடைந்தது. என்னுடையது உடையவில்லை.

"அடேங்கப்பா, மரத்துல செஞ்ச முட்டையா இது!" என்றார் மாமா. "அதிர்ஷ்டம் எல்லாம் நோன்பு பிடிச்சவளுக்குத்தான்."

கடைசியாக அம்மா வந்தாள். முட்டினாள். அவளுடையது உடைந்தது. சிரித்தார்கள். அம்மா கிண்ணத்திலிருந்து இன்னொன்று எடுத்தாள்.

"ஏய், ஒருத்தருக்கு ஒண்ணுதான்" என்றாள் அத்தை.

அம்மா முட்டினாள். அதுவும் உடைந்தது. இன்னொன்று எடுத்தாள். இப்போது பலமாக அடித்தாள். என் மணிக்கட்டு வலித்தது. "உடைச்சிரு மினா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கெஞ்சிக் கேக்கறேன், உடைச்சிரும்மா." மேசை முழுக்க நொறுங்கிய சிவப்பு ஓடு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மாமா ஆட்டுக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார். அம்மா அடுத்த முட்டைக்குக் கையை நீட்டினாள். அவள் விரல்களெல்லாம் சாயம். நான் என் முட்டையை இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அது வெயிலில் இளஞ்சூடாக, வழவழப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.