நீல விளக்கு அணைந்திருந்த மூன்று நாள்

அக்காவுக்கு எட்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. இப்போது நாற்பத்தாறு வயது. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தனியாக இருந்தாள், நன்றாகவே இருந்தாள்.

வீட்டைத் தன் கண்ணுக்கும் தோலுக்கும் ஏற்றபடி பழக்கி வைத்திருந்தாள். வாசல் மணியை அழுத்தினால் பட்டறை, கூடம், சமையலறை மூன்றிலும் விளக்கு நீலமாகச் சிமிட்டும். புகை வந்தால் சிவப்பு. வாஷிங் மெஷின் நின்றால் மணிக்கட்டுப் பட்டை இரண்டு தரம் அதிரும். காலையில் தலையணைக்கு அடியில் கிடக்கும் வட்டத் தட்டு உலுக்கி எழுப்பும். இதையெல்லாம் போனில் ஓர் ஆப்பில் கோத்துச் சரிசெய்ய ஒரு வருஷம் பிடித்தது. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு மணிக்கெல்லாம் இவள் வீட்டு விளக்கு கண்ணடித்து மானத்தை வாங்கியிருக்கிறது.

தன் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்த தங்கை மூன்று மாதம் தங்க வந்தாள். அக்கா சந்தோஷமாகத்தான் வரவேற்றாள். ஆப்பின் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். "ஃபேன், மெஷின் எல்லாம் இதுலதான் ஓடும். உனக்கும் வேணும்ல?"

தங்கை ஓர் இடத்தில் உட்காருகிற ரகம் இல்லை. விளக்கு சிமிட்டி, அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் அவள் வாசலில் நிற்பாள். தட்டு உலுக்கும் முன்பே தோளைத் தொட்டு எழுப்புவாள். முதல் வாரம் சுகமாக இருந்தது. இரண்டாம் வாரம், டாக்டர் அனுப்பும் ஆள் பல் அச்சைத் தங்கையிடமே கொடுத்து, தங்கையிடமே பேசிவிட்டுப் போக ஆரம்பித்தான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டு அக்கா தங்கையின் உதட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, முன்பல்ல கொஞ்சம் குறைக்கணுமாம்."

"எந்தப் பல்லு? எவ்வளவு?"

"அதெல்லாம் சொல்லலையே."

சொல்லியிருப்பான் என்று அக்காவுக்குத் தெரியும். டாக்டருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டுக்கொண்டாள். தங்கையிடம் வாய் திறக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை தங்கை கூரை வேலையைப் பார்க்கப் போனாள். அக்கா மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் பட்டையைக் கழற்றிவிடுவாள். கை அதிர்ந்தால் செய்தது பாழ். விளக்கு அன்று ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. யாரும் தொந்தரவு செய்யவில்லை என்று மதியம்வரை தலை நிமிராமல் வேலை பார்த்தாள்.

போனை எடுத்தபோது டாக்டரின் மெசேஜ் காத்திருந்தது. அவருடைய ஆள் அரைமணி நேரம் வாசலில் நின்றிருக்கிறான். அவசர வேலை. அச்சை வேறு இடத்துக்குக் கொடுத்தாயிற்று.

ஆப்பைத் திறந்தாள். பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள் மணி பதினேழு தரம் அடித்திருந்தது. மூன்று விளக்குகளின் சிமிட்டலும் திங்கட்கிழமை மாலையே நிறுத்தப்பட்டிருந்தது. புகைக்கான சிவப்பும் அதோடு போயிருந்தது. கோபத்துக்கு முன்னால் கூச்சம்தான் வந்தது. சொந்த வீட்டில் மூன்று நாள் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறோமே.

சாயங்காலம் தங்கை வந்ததும் போனைக் காட்டினாள். தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

"தலைவலிக்கா. சும்மா சும்மா மினுக்கு மினுக்குனு... நான்தான் வீட்டுல இருக்கேனேன்னு..."

"இன்னிக்கு இருந்தியா?"

தங்கை அழத் தொடங்கினாள். அழுகிற உதட்டைப் படிக்க முடியாது. பேச்சை எழுத்தாக்கும் வசதியைப் போட்டு அக்கா போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் எழுத்து வந்தது: 'என்கிட்டயே போன நீட்டுறியா சின்ன வயசுலேர்ந்து நான்தானே உன் காது.'

"அப்ப எனக்கு வேற வழி இல்ல," என்றாள் அக்கா. "கடைக்குப் போனாலும் நீ, ஸ்கூலுக்குப் போனாலும் நீ. நீ என்ன சொல்றியோ அதுதான் எனக்கு உலகம். நீ சொல்ல மறந்தது எனக்கு இல்லவே இல்ல. இப்ப எனக்கு வழி இருக்கு."

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டு வைப்பதும் எடுப்பதும்தான். மூன்றாம் நாள் அக்காவே கூடத்து விளக்கை மட்டும் சிமிட்டாமல், மெதுவாக நிறம் மாறும்படி செய்தாள். "இப்ப கண்ணு கூசுதா?" என்று கேட்டாள். தங்கை இல்லையென்று தலையாட்டினாள். அன்று மணி அடித்தபோது தங்கைக்குக் கால் தானாக வாசலுக்கு நகர்ந்தது; பாதி வழியில் நின்றுகொண்டாள். அக்கா போய்த் திறந்தாள்.

அந்த டாக்டரின் வேலை உடனே திரும்பவில்லை. அக்கா அவரை நேரில் போய்ப் பார்த்தாள். "என் மேல தப்பு, இனி நடக்காது" என்றாள். யார் செய்தது என்று சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து ஒற்றைப் பல் வேலையாக அனுப்ப ஆரம்பித்தார்.

கூரை முடிந்து தங்கை கிளம்பிய காலையில், ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டு அக்காவின் எதிரில் வந்து நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி நிதானமாகக் கேட்டாள். "இன்னும் கோவமா?"

"கொஞ்சம் இருக்கு. போயிடும்."

தங்கை சரியென்று தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அக்கா தெருமுனைவரை பார்த்திருந்துவிட்டு, பாதியில் விட்ட பல்செட்டைப் பார்க்க உள்ளே போனாள்.