ஒருசந்தியும் காலை மாத்திரையும்

அடுகோடியில், மாதா கோயிலை ஒட்டிய கூடத்தின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு லீனா தினமும் காலையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"சாப்டீங்களா ஆன்ட்டி?"

"ஆச்சும்மா" என்றாள் பெர்னதெத். சாம்பல் புதனிலிருந்து அவள் சொல்லிவந்தது பொய்.

லீனாவின் உடற்பயிற்சி வகுப்பில் அவள் சேர்ந்தது போன மழைக்காலத்தில். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர் சொன்னார். "இது ஒரு வியாதி இல்லம்மா, நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு வந்திருக்காங்க. ஒருத்தனை மட்டும் காலி பண்ண முடியாது. தினமும் மூச்சு வாங்குற மாதிரி உடம்பு அசையணும். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்டுடாதீங்க."

அத்திபெலேயில் இருக்கும் அவள் அக்கா மௌரீனுக்கும் இதே நால்வர்தான். மௌரீனுக்கு இப்போது ஒரு கால் முழங்காலோடு சரி. போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பெர்னதெத்துக்குத் தன் பாதங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

லீனா பிசியோதெரபி படித்தவள். அவளுடைய டேப் ரெக்கார்டர் பாட்டுக்கு முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று கால் மாற்றி அடிவைக்க வேண்டும். கையை வீச வேண்டும். "இந்த வயசுல டான்ஸா?" என்று சிரித்தான் ஓஸ்வால்ட், அவள் புருஷன். ஓசூர் ரோடு பக்கம் லேத் பட்டறையில் அவனுக்கு வேலை. "போ, எனக்கென்ன. ஆனா அங்க உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா, அதோட நிறுத்திடணும்."

ஒன்றும் ஆகவில்லை. ரவிக்கைக் கொக்கிகள் தாமாக வந்து சேர்ந்தன. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்வது குறைந்தது. டாக்டரே, "இப்படியே போனா இன்சுலின் பத்திப் பேச வேண்டாம்" என்றார்.

அதற்குள் சாம்பல் புதனோடு தொடங்கும் தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள், வந்தது. பகலெல்லாம் பட்டினி கிடந்து, பொழுது சாய்ந்தபின் ஒரு வேளை சாப்பிடும் ஒருசந்தி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இந்த வருஷம் அதற்கு ஒரு வேண்டுதலும் சேர்ந்துகொண்டது. ஓஸ்வால்ட் குடியை விட வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பலன் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. ஆச்சரியம், சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியவன் அதற்குப் பிறகு பாட்டிலைத் தொடவில்லை. காரணம் கேட்கவும் அவளுக்குப் பயம். கேட்டால் கலைந்துவிடும் போல.

சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. மருந்து சாப்பிட்டால் ஒருசந்தி முறியாது என்று ஞானோபதேச வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்னதும் ஆயிற்று, ஆண்டவருக்குச் சொன்னதும் ஆயிற்று என்று காலையில் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டுக் கூடத்துக்கு வருவாள்.

தபசுகாலத்தில் பாட்டு வேண்டாம் என்று கூடத்துக் கமிட்டி சொல்லிவிட்டதால் லீனா கைதட்டித்தான் தாளம் கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, கைதட்டல் எங்கோ தள்ளிப்போவதுபோல் இருந்தது பெர்னதெத்துக்கு. விரல்கள் நடுங்கின. முதுகெல்லாம் வியர்வை ஜில்லென்று இறங்கியது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த காந்தாவின் தோளைப் பிடிக்கப் போனவள், பிடி கிடைக்காமல் தரையில் சரிந்தாள்.

காந்தா எதிர்வீட்டுக்காரி. அவள்தான் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். லீனா குளுக்கோஸ் கரைத்துக் காந்தாவின் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிக்க வெளியே ஓடினாள். பெர்னதெத் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேணாம்... ஒருசந்தி..." என்றாள், காந்தாவுக்கு மட்டும் கேட்கும்படி.

"எது சந்தி? எங்க அம்மன்கூட ஆடி மாசம் கூழு ஊத்துறா, உங்க சாமி மட்டும் பட்டினி போட்டுச் சாவடிக்குமா? உங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். வாயைத் தொறக்கா!" என்று அதட்டினாள் காந்தா.

பெர்னதெத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு முன்னால் சுவர் நேரானது. "ஒருசந்தின்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்று காந்தாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். லீனா அப்போதுதான் ஆட்டோவோடு திரும்பி வந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி செயலாளர் டிரேவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். ஓஸ்வால்ட் நின்றுகொண்டே பேசினான்.

"சர்க்கரைக்காரிய இப்படியா குதிக்க வெப்பாங்க? செத்துப் போயிருந்தா யார் பதில் சொல்றது?"

"தினமும் சாப்டீங்களான்னு கேட்டுத்தான் உள்ள விடறேன் அங்கிள்" என்றாள் லீனா.

"கேட்டாளாம்! பொண்ணு படிச்சது அவ்ளோதான்."

டிரேவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வம்பு வேணாம்மா லீனா. இன்னையோட க்ளாஸ நிறுத்திக்கலாம். கோயிலுக்குக் கெட்ட பேரு."

காந்தா பெர்னதெத்தையே பார்த்தாள். பெர்னதெத் தன் செருப்பைப் பார்த்தாள். செருப்புக்குள் தன் பத்து விரல்களையும். மௌரீனின் சேலை ஒரு பக்கம் வெறுமையாக மடிந்து கிடந்தது ஞாபகம் வந்தது. எழுந்தாள்.

"அந்தப் பொண்ணு கேட்டா. நான்தான் பொய் சொன்னேன். ஒருசந்தி இருந்தேன். மாத்திரையும் போட்டேன்."

"சர்க்கரைக்காரங்களுக்கு ஒருசந்தி கடமை இல்லன்னு சாமியார் பூசையிலயே சொன்னாரேம்மா?" என்றார் டிரேவர். "அப்படி என்ன வேண்டுதல்?"

 அவள் கண் ஓஸ்வால்ட் பக்கம் போய்விட்டது. ஒரு நொடிதான். அது அங்கிருந்த எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். ஓஸ்வால்ட்டின் காது சிவந்தது. வெளியே போய் ஸ்கூட்டரை உதைத்தான். அவளை ஏற்றிக்கொள்ள நிற்கவில்லை.

வகுப்பு தப்பியது. லீனா அவளைத் தனியாக அழைத்தாள்.

"டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன் ஆன்ட்டி. சாப்பிடாம மாத்திரை போட்டு ஆடினா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுமாம். நாளைலருந்து என் கண்ணு முன்னாடி சாப்பிட்டாத்தான் உள்ள விடுவேன். ஒருசந்தி இருக்கணும்னா தாராளமா இருங்க, ஆனா இங்க வராதீங்க."

நடந்து திரும்பும் வழியெல்லாம் காந்தா திட்டிக்கொண்டே வந்தாள். "அந்தாளு குடிய உன் வயித்துலயா கட்டி வெச்சிருக்கு? நீ இட்லி தின்னா அவுந்துடுமா?"

"அவுந்துட்டா?"

காந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் ஓஸ்வால்ட் குடிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "ஊருக்கே சொல்லிட்ட" என்றது மட்டும் ஒரு தடவை கேட்டது.

திங்கட்கிழமை காலை டிபன் டப்பாவோடு கூடத்துப் படியில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தபோது இட்லி ஆறியிருந்தது. சிலுவை அடையாளம் போடக் கை தூக்கினாள். எதற்கென்று தெரியாமல் பாதியில் இறக்கிக்கொண்டாள். லீனா கதவோரம் நின்று எங்கேயோ பார்ப்பதுபோல் இருந்தாள்.

முதல் விள்ளல் வாயில் இருக்கும்போதே தெரிந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பட்டறைக்குப் போகிற வழி இதுதான். ஓஸ்வால்ட் வேகத்தைக் குறைத்தான். உப்பிய கன்னத்தோடு அவள் நிமிர்ந்தாள். அவன் இட்லியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் அவன் வீட்டுப் பக்கம் திரும்புவானோ, பிராந்திக் கடைப் பக்கமோ. மீதி இட்லியையும் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"உள்ள வாங்க ஆன்ட்டி" என்றாள் லீனா.

கைதட்டல் ஆரம்பித்தது. பெர்னதெத் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது காலை முன்னே வைத்தாள்.